மதகு திறந்தால் சஃபாரி

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் விடியலில் முகாம் கதவு திறந்ததும் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏறி உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் ஐந்து பெயர்கள் ஓடும்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். இந்த ஐந்தைப் பட்டியலிட்டவர்கள் விலங்கு பார்க்க வந்தவர்கள் அல்ல, துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரர்கள். நடந்து போய்ச் சுடுவதற்கு எவை மிக ஆபத்தானவையோ அவற்றை எண்ணிவைத்தார்கள். பிறகு துப்பாக்கி போய் கேமரா வந்தது. பட்டியல் மட்டும் மாறவில்லை. ஆனால் காலை வேளையில் வண்டிக்கு முன்னால் குறுக்கே ஓடுவது பெரும்பாலும் சிங்கம் இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு கௌதாரி. அதற்காக எந்த வழிகாட்டியும் வண்டியை நிறுத்துவதில்லை.

அந்தக் கௌதாரிக்குப் புதுச்சேரியில் நெருங்கிய சொந்தம் உண்டு. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் சுற்றித் திரிந்து, பறவைகளைச் சேகரித்து, வரைந்து, 1782இல் பயண நூலாக வெளியிட்டார். பின்னர் 1789இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் நம் வயல்வரப்புக் கௌதாரிக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘பாண்டிசெரியானஸ்’ என்றே வைத்தார். அண்மைக்கால வகைப்பாட்டின்படி, க்ரூகர் சாலையில் ஓடும் கொண்டைக் கௌதாரியும் பாகூர் வரப்பில் ஓடும் கௌதாரியும் ‘ஆர்டிகார்னிஸ்’ என்ற ஒரே பேரினம். அங்கே டாலரில் பணம் கட்டியவர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார். இங்கே கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூருக்கு டூ வீலரில் வேலைக்குப் போகிறவர் அதன் பங்காளியைக் காசில்லாமல் பார்க்கிறார். அவரும் கவனிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சிங்கம் இல்லை, வரிக்குதிரை இல்லை. ஆனால் தினமும் ஒரே பாதையில் வண்டியில் போய், என்ன கண்ணில் படுகிறது என்று பார்க்கும் அந்தப் பழக்கத்துக்கு இந்த இரண்டு கொம்யூன்களும் அருமையான களம். காட்டில் எந்த விலங்கு எங்கே நிற்கும் என்பதை மழையும் புல்லும் தீர்மானிக்கின்றன. இங்கே அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மதகும் கலப்பையும்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது கணக்கு. அவற்றில் பெரியது வில்லியனூர் பக்கம் இருக்கும் ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணையின் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. அந்த வாய்க்காலை வெட்டியதாகச் சொல்லப்படும் பங்காரி, சிங்காரி கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில். புதுச்சேரிப் பக்கம் 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு அந்த அறிவிப்பு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. எல்லைக்கோடு ஏரியின் நடுவே ஓடுவது நாமக்கோழிகளுக்குத் தெரியாததால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவை அந்தப் பக்கமும் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

க்ரூகருக்குப் போக நல்ல பருவம் எது என்று கேட்டால், மே முதல் செப்டம்பர் வரை என்பார்கள். அது அங்கே மழையில்லாத குளிர்காலம். புல் காய்ந்து பார்வை தெளிவாகும். குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் சில நீர்நிலைகளுக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். வழிகாட்டி தண்ணீர் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தால் போதும்.

இதே கணக்கு பாகூரில் வேறு மாதங்களில் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புகிறது. நிரம்பிய ஏரி பார்க்க அழகு, பறவை பார்க்க மோசம். வாத்துகள் நடுவே புள்ளிகளாகத் தெரியும். காலால் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு நிற்க இடமே இருக்காது. தை பிறந்து, நவரைப் பயிருக்குத் தண்ணீர் விட மதகு திறந்த பிறகுதான் காட்சி தொடங்கும். ஏரியின் உட்பக்கச் சரிவு மிக மென்மையானது. தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கினாலே ஓரத்தில் பல அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் ஏரி முழுக்கப் பரவியிருந்த கெண்டைக்குஞ்சும் கெளுத்தியும் தவளையும் நாளுக்கு நாள் சிறுக்கும் பரப்புக்குள் நெருக்கப்படுகின்றன. நேற்று நாரை நின்ற இடம் இன்று காய்ந்த சேறு. இன்று நிற்கிற இடம் நேற்று முழங்கால் ஆழம். ஒரே ஏரிக்குத் தினமும் போகிறவருக்கு ஏரி தினமும் புதிதாக இருப்பது இதனால்தான்.

அந்த விளிம்பில் யார் எங்கே நிற்பது என்பதில் குழப்பமே கிடையாது. காலின் நீளம் அதைத் தீர்மானித்துவிடுகிறது. ஈரச்சேற்றில் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். கணுக்கால் தண்ணீரில், ரோஸ் நிறக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான். அதற்கடுத்து சின்னக் கொக்கு, மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி, பதுங்கியிருப்பதை விரட்டிப் பிடிக்கும். இன்னும் ஆழத்தில் சாம்பல் நாரை, அசையாமல் நின்றுகொண்டே. கரண்டிவாயன் அலகை இடவலமாக வீசி நடக்கும். கால் எட்டாத ஆழத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நீந்துகின்றன.

இவற்றில் சங்குவளை நாரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது மீனைக் கண்ணால் தேடுவதே இல்லை. மஞ்சள் அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் விட்டபடி நடக்கும். ஏதாவது அலகில் பட்டால் உடனே மூடிக்கொள்ளும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரை ஒன்றில் அந்த மூடும் வேகத்தை அளந்திருக்கிறார்கள்: வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவு. இதே பேரினத்தின் இன்னொரு நாரை ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில், நீர்யானைகளுக்குப் பக்கத்தில் நின்று இதே வேலையைச் செய்கிறது.

நத்தைக்குத்தி நாரையின் கதை இன்னும் சுவையானது. உலகத்திலேயே இதில் இரண்டு இனங்கள்தான்: ஒன்று ஆப்பிரிக்காவில், மற்றது இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். இரண்டுக்கும் அலகின் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. நுனியும் அடியும் ஒட்டும், நடுவில் ஒட்டாது. இது எதற்கு? பார்த்தவர் எல்லாருக்கும் தோன்றுவது ஜூலியன் ஹக்ஸ்லிக்கும் தோன்றியது. பெரிய உயிரியலாளரான அவர் 1960இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, பாக்குவெட்டிக்குள் பாக்கை வைத்து நெரிப்பது போல நத்தையை அந்த இடைவெளியில் வைத்து நெரிக்கிறது என்று முடிவு கட்டினார். அலகின் ஓரம் சொரசொரப்பாக இருப்பது ஓடு உரசித் தேய்ந்ததால் என்றார்.

பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. இந்த நாரைக் குஞ்சுகளுக்கு இடைவெளியே கிடையாது. வயது ஏற ஏறத்தான் அது உருவாகிறது. இடைவெளி இல்லாத இளம் நாரையும் நத்தை தின்கிறது. நாரை தின்றுவிட்டுப் போட்ட ஓட்டை எடுத்துப் பார்த்தால் பல நேரம் விரிசல்கூட இருக்காது. உண்மையில் வேலை நடப்பது அலகின் நுனியில். மேலலகால் நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் மூடிக்குக் கீழே செருகி, உடம்பை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. பிறகு சதை முழுதாக உருவிக்கொண்டு வரும். நடுவில் இடைவெளி இருப்பதால் நுனிகள் சாய்வான கோணத்தில் சந்திக்கின்றன, பிடி இறுகுகிறது என்பது இப்போதைய விளக்கம். சொரசொரப்பு, வழுக்கும் ஓட்டைப் பிடிக்க. இத்தனையும் கலங்கிய தண்ணீருக்குள் நடப்பதால் கரையிலிருந்து பார்க்கிறவருக்குத் தலை ஆடுவது மட்டும்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் பறவையியலாளர் ஜெர்டன் இதைக் கண்ணைக் கட்டிச் சோதித்தார், தன் கண்ணை அல்ல, நாரையின் கண்ணை. கண் கட்டிய நாரையும் நத்தையைப் பிடித்தது.

இந்த நாரைக்கு ஊர் என்று ஒன்று இல்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் கால் வளையம் மாட்டிய ஒன்று 800 கிலோமீட்டர் கிழக்கே கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் மாட்டியது 1,500 கிலோமீட்டர் மேற்கே வங்கதேசத்தில் கிடைத்திருக்கிறது. எங்கே தண்ணீர் இறங்கி நத்தை வெளியே தெரிகிறதோ அங்கே போய்விடும். பாகூரில் வயலுக்குத் தண்ணீர் கட்டிய வாரத்தில் அது வரப்பில் வந்து நிற்பதில் ஆச்சரியமில்லை.

மதகு ஒரு பாதி என்றால் கலப்பை மறு பாதி. நடவுக்கு முன்னால் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சேடை ஓட்டும்போது, சில நிமிடத்தில் எங்கிருந்தோ உண்ணிக்கொக்குகள் வந்து சேரும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் இதன் மேற்கத்திய உறவு காட்டெருமைக்கும் யானைக்கும் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம். பெரிய விலங்கு காலெடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்பும். கொக்குக்குத் தேடும் வேலை மிச்சம். தனியாக மேய்வதை விட மாட்டோடு மேயும்போது 3.6 மடங்கு அதிகமாக இரை பிடிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லா மாடும் சரிப்படாது. நிமிடத்துக்கு ஐந்து முதல் பதினைந்து அடி எடுத்து வைக்கும் மாடுதான் அதற்குப் பிடித்தமானது. வேகமாகப் போகிற மாட்டின் பின்னால் ஓட முடியாது, படுத்துக் கிடக்கிற மாட்டால் பயன் இல்லை. டிராக்டரோடும் அதே அளவு கிடைக்கிறது, கொக்கு மட்டும் கூடுதலாக ஓட வேண்டும். பாகூரில் ஏர்மாடு போய் டிராக்டர் வந்தபோது கொக்குக்கு வருமானம் குறையவில்லை, உழைப்புதான் கூடியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கொக்குகளில் சில ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்னமெரிக்கா போய்ச் சேர்ந்தன. யாரும் கொண்டுபோகவில்லை, தாமாகவே பறந்தன. 1950களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கூடு கட்டத் தொடங்கின. காடழித்து மாட்டுப் பண்ணை போட்ட இடமெல்லாம் அவற்றுக்கு வசதியாகிவிட்டது. நம்முடையதை இப்போது தனி இனமாகப் பிரிக்கிறார்கள். முட்டையிடும் காலத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆப்பிரிக்கக் கொக்குக்கு உச்சந்தலையிலும் முதுகிலும் நெஞ்சிலும் மட்டும் இளமஞ்சள் பூச்சு. நம் கொக்குக்குத் தலை முழுக்க, கன்னம், தொண்டை என எல்லாம் ஆரஞ்சு.

டிராக்டருக்குப் பத்தடியில் நிற்கும் கொக்கு, நீங்கள் வரப்பில் இறங்கி நடந்தால் ஐம்பதடியிலேயே பறந்துவிடும். சஃபாரி வழிகாட்டிகள் “வண்டியில் எழுந்து நிற்காதீர்கள், இறங்காதீர்கள்” என்று அதட்டுவதன் காரணமும் இதுதான். தலைமுறை தலைமுறையாக ஆபத்து என்று விலங்குகள் கற்றிருப்பது இரண்டு காலில் நிமிர்ந்து வரும் உருவத்தை. உட்கார்ந்திருக்கும் மனிதர் வண்டியின் வடிவத்துக்குள் கரைந்துவிடுகிறார். தினமும் ஒரே பாதையில், ஒரே சத்தத்தோடு வந்து எதுவும் செய்யாமல் போகிற வண்டியை அவை கணக்கில் எடுப்பதில்லை. பத்துக்கண்ணு போகும் சாலையில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது ஏரிக்கரை மரத்து நீர்க்காகம் தலையைக்கூடத் திருப்பாது. அதே இடத்தில் ஒருவர் கேமராவோடு மெல்லப் பதுங்கிப் பதுங்கிப் போனால் கிளை காலியாகிவிடும். பதுங்குவது வேட்டையாடுகிறவர் நடை; கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடிக்கும் பழக்கம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் முழுதாக ஒழியாத ஊரில் பறவைகள் அப்படிப் பயப்படுவது நியாயமே. எனவே பறவை பார்க்க ஆசைப்படுகிறவருக்கு என் யோசனை: ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்துங்கள், இறங்காதீர்கள், கொஞ்ச நேரம் போகட்டும்.

நேரமும் முக்கியம். வெயில் ஏறியபின் ஆப்பிரிக்காவில் சிங்கம் நிழலில் படுத்துவிடும். இங்கே கௌதாரி முள்ளுப்புதருக்குள் நுழைந்துவிடும். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று கிளம்புகிறவர் பருந்துகளைத் தவறவிடுகிறார். தரை சூடாகிக் காற்று மேலெழும்பினால்தான் பருந்தும் நாரையும் கூழைக்கடாவும் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரப் போக முடியும். கூழைக்கடா போன்ற கனத்த பறவைக்கு அது பெரிய எரிபொருள் மிச்சம். சேற்றுப் பூனைப்பருந்து அதற்கெல்லாம் காத்திருக்காது. கோரைக்கு மேல் தாழப் பறந்து வரும்; அது வரும் வழியில் நாமக்கோழிக் கூட்டம் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்வதைப் பார்த்தே பருந்து எங்கே என்று சொல்லிவிடலாம்.

கண்ணை விடக் காது உதவுகிற நேரங்கள் உண்டு. சிறுத்தை எங்கே என்று வழிகாட்டி கண்டுபிடிப்பது பெரும்பாலும் இம்பாலா மான் எழுப்பும் எச்சரிக்கைச் சத்தத்தை வைத்து. பாகூர் வயலில் அந்த வேலை ஆட்காட்டியுடையது. கீரி, நாய், பாம்பு, மனிதர், எது வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். அது பொய் சொல்லாது. பொய் சொல்வது கரிச்சான். மின்கம்பியில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ரெட்டைவால் குருவி, வல்லூறின் குரலில் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டு ஓடியதை எடுத்துக்கொள்வதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதன் ஆப்பிரிக்க உறவினரை டாம் ஃப்ளவர் என்ற ஆய்வாளர் கலஹாரிப் பாலைவனத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அங்கே அது மீர்கட் என்ற கீரியினத்தையும் சிலம்பன் குருவிகளையும் ஏமாற்றிப் பிழைக்கிறது. உண்மையான பருந்து வரும்போது நேர்மையாக எச்சரித்து நம்பிக்கை சம்பாதித்துக்கொள்ளும். எவனாவது கொழுத்த புழுவைத் தோண்டி எடுத்தால் பொய்யாகக் கத்தும். ஒரே பொய் திரும்பத் திரும்பச் சொன்னால் எடுபடாது என்பதால் வேறு பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். நாளின் உணவில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித் திருடியதுதான்.

ஏமாந்தவர்களில் மனிதர்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளிகளில் சஃபாரி போன தலைமுறைகள் பொன்னிறக் குள்ளநரியைப் பார்த்ததாகக் குறித்துவைத்தார்கள். 2015இல் மரபணுவைச் சோதித்தபோது அது நரியே இல்லை, ஓநாயின் பக்கத்து உறவு என்று தெரிந்தது. அசல் குள்ளநரி ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதுதான். ஆரோவில் பக்கம் இரவில் ஊளையிடுவது அதுவே.

மீண்டும் மதகுக்கு வருவோம். ஏரிப் பாசனம் குறைந்து ஆழ்துளைக் கிணறு பெருகிவிட்ட காலம் இது. வயலுக்கு ஏரித்தண்ணீர் தேவைப்படாவிட்டால் மதகு திறக்கப்படாது. தண்ணீர் படிப்படியாக இறங்காமல் தேங்கினால் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும்தான் பரவும், சேற்று விளிம்பு கிடைக்காது. சரணாலயம் என்றால் மனிதர் கைவைக்காத இடம் என்று நினைப்பது ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் பொருந்தாது என்பது என் எண்ணம். இவை மனிதர் வெட்டியவை. தூர் வாரி, வாய்க்கால் சீர்செய்து, பயிருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் வரைதான் நாரைகளுக்கும் இவை ஏரி.

வயலில் தேங்கும் மழைத்தண்ணீருக்கு இன்னொரு கூட்டமும் உண்டு, பறவைகள் அல்லாத கூட்டம். ஐப்பசி மழைக்குப் பின் வயலுக்கு மேல் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானின் அறிவியல் பெயர் பான்டாலா ஃப்ளாவெசென்ஸ். மாலத்தீவில் வசித்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளருக்கு ஒரு புதிர்: ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்து இறங்குகின்றன. தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். பவளத்தீவுகளில் தேங்கிய நன்னீர் ஏறக்குறைய இல்லை. பிறகு எதற்கு வருகின்றன? பல ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்து 2009இல் அவர் சொன்ன விடை: அவை மாலத்தீவுக்கு வரவில்லை, அதைக் கடந்து போகின்றன. தென்னிந்தியாவிலிருந்து கிளம்பி, உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை. அங்கே மழை பெய்து குட்டைகள் நிரம்பும் நேரம் அது. இதே காலத்தில் சைபீரியா, வடசீனப் பகுதிகளிலிருந்து நாகாலாந்து வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் ஃபால்கன்கள், கடலுக்கு மேல் வழியுணவாக இந்தத் தட்டான்களைத் தின்னக்கூடும் என்றும் அவர் கருதினார்.

பாகூரில் பறக்கும் தட்டான் எல்லாம் கடல் தாண்டுகிறது என்று சொல்ல முடியாது. தாண்டுகிறவையும் திரும்பி வருவதில்லை. ஆப்பிரிக்கக் குட்டையில் முட்டையிட்டு அங்கேயே முடிந்துவிடும். சில வாரங்களில் குஞ்சு வளர்ந்து, மழை நகரும் திசையில் இன்னும் தெற்கே போய் முட்டையிடும். அதன் பிள்ளைகள் மீண்டும் வடக்கே. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும்போது அதில் ஏறி இந்தியா வந்து சேர்வது, கிளம்பிப் போனதன் நான்காம் தலைமுறை. மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது ஆண்டர்சனின் மதிப்பீடு.